ஆணி இல்லை என்பது தகுதிச் சான்று அல்ல

பினாங்கு ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் இப்போது நடக்கும் தளவாடக் கடை ஒன்றில் தேக்கு நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றால், விற்பவரின் விரல் முதலில் போகிற இடம் கைப்பிடியின் மேற்பரப்பு. முன்காலின் கழுந்து, அதாவது துளையில் செருகுவதற்காக இழைத்த முனை, அங்கே மரத்தைத் துளைத்து மேலே வந்து தலைகாட்டும். அதன் நடுவில் கருமரத்தில் மெல்லிய ஆப்பு அடித்திருக்கும். "பாருங்கள், ஆணி கிடையாது, திருகாணி கிடையாது, எதையும் மறைக்கவில்லை" என்பார். இத்தாலியின் ஐம்பதுகளைச் சேர்ந்த வடிவமைப்பு என்று ஒரு வார்த்தையும் சேர்ந்துவிட்டால் விலைச்சீட்டுக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

விற்பவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. பழைய வீடுகளைச் சுற்றிக் காட்டுகிறவர்கள், வடிவமைப்பு இதழ்கள், புது வீட்டுக்குப் பொருள் தேடும் குடும்பங்கள் என எல்லாரிடமும் இதே நம்பிக்கை ஊறிப் போயிருக்கிறது. மூட்டு வெளியே தெரிந்தால் வேலை நேர்மையானது. மறைந்திருந்தால் அதில் ஏதோ ஏமாற்று இருக்கிறது. இரும்பு கலக்காத மரவேலையே உயர்ந்தது. கேட்க இனிமையாக இருக்கும் இந்தக் கொள்கையை இத்தாலியும் ஆதரிக்கவில்லை, பினாங்கின் பழைய மரவேலையும் ஆதரிக்கவில்லை. மரமே ஆதரிக்கவில்லை.

இத்தாலியிலிருந்தே தொடங்கலாம். அந்நாட்டின் மிகப் புகழ்பெற்ற மர நாற்காலி ஜோ பொந்தி வடிவமைத்த சூப்பர்லெஜ்ஜெரா. மிலானுக்கு வடக்கே மேதா என்ற ஊரிலுள்ள கஸ்ஸீனா நிறுவனம் 1957இல் இதை வெளியிட்டது. ஆஷ் மரத்தில் செய்த இதன் எடை 1.7 கிலோ. ஒரே விரலில் தூக்கிவிடலாம். முக்கோண வெட்டுள்ள கால்களின் கனம் 18 மில்லிமீட்டர்தான். இவ்வளவு மெல்லிய காலுக்குள் குறுக்குச் சட்டங்களின் கழுந்துகளை இறக்கிப் பூட்டியிருக்கிறார்கள். வெளியே ஒன்றும் தலைநீட்டாது. பொந்தி இதை வெறுமையிலிருந்து படைக்கவில்லை. லிகூரியக் கடற்கரையின் கியாவரி ஊரில் 1807 முதல் செய்யப்பட்டு வந்த மெல்லிய நாற்காலியை எடுத்து, இன்னும் இளைக்க வைக்கப் பல ஆண்டுகள் உழைத்தார். அந்த உழைப்பு முழுவதும் மூட்டுக்குள் மறைந்து கிடக்கிறது. காட்டினால்தான் நேர்மை என்ற அளவுகோலை வைத்தால், இருபதாம் நூற்றாண்டு இத்தாலிய மரவேலையின் சிகரம் தேர்வில் தோற்றுவிடும். (அதன் இருக்கையில் பின்னிய பிரம்பு தென்கிழக்காசியக் காடுகளின் கொடி என்பதை இங்கே யாரும் விளம்பரத்தில் சேர்ப்பதில்லை. சேர்க்கலாம்.)

வீக்கோ மஜிஸ்த்ரெத்தி 1959இல் கோமோ அருகே ஒரு கோல்ஃப் மன்றத்துக்காக வடிவமைத்த காரிமாத்தே நாற்காலி வேறொரு பாடம் சொல்கிறது. பீச் மரத்தைச் சிவப்பாகச் சாயமேற்றி, நாணல் இருக்கை வைத்த எளிய நாற்காலி அது. குறுக்குச் சட்டம் காலில் நுழையும் இடத்தில் கால் சற்றே பருத்து நிற்கும். துளை போட்டால் மரம் அங்கே பலவீனப்படும், அதனால் அங்கே கூடுதல் சதை வேண்டும் என்ற தச்சனின் கணக்கை மஜிஸ்த்ரெத்தி வடிவமாகவே ஆக்கிவிட்டார். மூட்டு மறைந்திருக்கிறது. மூட்டு இருக்கும் இடம் தெரிகிறது. நேர்மையா ஏமாற்றா என்று கேட்பவர்கள் இந்த நாற்காலியை எந்தப் பெட்டியில் போடுவார்கள்?

எதிர்முனையில் வடிவமைப்பாளர் என்ஸோ மாரி நிற்கிறார். 1974இல் அவர் 19 தளவாடங்களின் வரைபடங்களை வெளியிட்டு, தபால் செலவை அனுப்பிய எவருக்கும் இலவசமாகக் கொடுத்தார். கடையில் கிடைக்கும் சாதாரணப் பலகை, சுத்தியல், ஆணி. அவ்வளவுதான் கருவி. கழுந்தும் இல்லை, புறாவால் மூட்டும் இல்லை. ஒவ்வொரு ஆணியின் தலையும் கண்ணுக்குத் தெரியும். தளவாடம் எப்படி நிற்கிறது என்பதைச் செய்து பார்த்தே ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது மாரியின் எண்ணம். பல ஆண்டுகள் கழித்துப் பெர்லினில், ஆப்பிரிக்காவிலிருந்து ஏதிலிகளாக வந்த இளைஞர்கள் அதே வரைபடங்களை வைத்து நாற்காலி செய்து விற்றுப் பிழைக்க முயன்றார்கள். "ஆணி இல்லை" என்பதைத் தகுதியாகச் சொல்லும் எவரும், இத்தாலிய வடிவமைப்பு வரலாற்றில் நேர்மைக்காகவே வாழ்ந்த மனிதர் ஆணியைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மூட்டைக் காட்டிய இத்தாலியர்களும் உண்டு. அதே 1974இல் ஜான்பிராங்கோ பிராத்தினி, பிரியான்சா பகுதியின் தலைசிறந்த மரத்தச்சர் பியர்லூயிஜி கியாந்தாவோடு சேர்ந்து உருவாக்கிய கியோட்டோ மேசையில் சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பூட்டிக்கொள்வதே மேசையின் முகம். அழகான பொருள். அதன் பெயரே சொல்வதுபோல் அது ஜப்பானுக்குச் செலுத்திய மரியாதை. பிராங்கோ அல்பீனி பல ஆண்டுகள் திருத்தித் திருத்தி, 1955இல் இத்தாலியின் கொம்பாஸ்ஸோ தோரோ வடிவமைப்பு விருது பெற்ற லூயீசா நாற்காலியில் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாகத் தெரியும். இவற்றை யாரும் மறுக்கவில்லை. மறுப்பது ஒன்றைத்தான்: இவை ஓர் ஒழுக்க விதியின் எடுத்துக்காட்டுகள் என்ற வாதத்தை. இவை தனித்தனி மனிதர்களின் தனித்தனித் தேர்வுகள். ஒரே நாட்டில், ஒரே முப்பது ஆண்டுக்குள் மறைத்தவரும் காட்டியவரும் ஆணி அடித்தவரும் அருகருகே வேலை செய்தார்கள்.

அப்படியானால் இந்த ஒழுக்க விதி எங்கிருந்து வந்தது? இங்கிலாந்திலிருந்து. கட்டுமானத்தை மறைக்காமல் அதையே அழகுபடுத்த வேண்டும் என்று 1841இல் கட்டடக்கலைஞர் அகஸ்டஸ் பியூஜின் வாதிட்டார். 1849இல் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் எழுதிய 'கட்டடக்கலையின் ஏழு விளக்குகள்' நூலில் உண்மையும் ஒரு விளக்கு. ஆனால் அந்த நூலிலேயே ரஸ்கின், கட்டடம் நிற்கும் விதத்தை வெளிக்காட்ட வேண்டிய கடமை கட்டுபவருக்கு இல்லை என்று தெளிவாகச் சொல்கிறார். அவர் எதிர்த்தது ஒரு பொருளை இன்னொன்றாகப் பூசிக் காட்டுவதை, இல்லாத தாங்கலை இருப்பதாகக் காட்டுவதை. பின்னால் வந்தவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டு முழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் குஸ்தாவ் ஸ்டிக்லி ஓக் மேசைகளின் கழுந்தை வெளியே நீட்டி ஆப்பு அடித்துப் புகழ்பெற்றதும், அவரைப் பார்த்துச் செய்த மலிவுச் சரக்கில், உள்ளே எதுவும் நுழையாத மரத்துண்டை வெளியே ஒட்டிக் கழுந்தின் தலைபோலக் காட்டினார்கள். நேர்மையின் அடையாளமே விற்பனைப் பொருளாகும்போது முதலில் பொய்யாவது அந்த அடையாளம்தான்.

இனி மரம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மரம் அறுபட்ட பிறகும் ஈரத்தை வாங்கவும் விடவும் செய்கிறது. பினாங்கின் காற்றில் ஈரப்பதம் சராசரி 80 சதவீதத்தை ஒட்டியிருக்கும். அந்தக் காற்றில் பழகிய மரத்தின் உள்ளீரம் ஏறத்தாழ 16 சதவீதம். அதே பலகையைக் குளிர்சாதனம் நாள் முழுக்க ஓடும் விடுதி அறையில் வைத்தால் உள்ளீரம் 10 சதவீதத்தை நோக்கி இறங்கும். 40 சென்டிமீட்டர் அகலமுள்ள, தட்டையாக அறுத்த தேக்குப் பலகை இதனால் அகலவாக்கில் 4 மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கும். தேக்கு அசைவு குறைந்த மரம் என்று பெயர் பெற்றது. மற்ற பல மரங்கள் இதைவிட அதிகம் சுருங்கும். நீளவாக்கிலோ எந்த மரமும் அநேகமாக அசைவதே இல்லை.

கைப்பிடியைத் துளைத்து வந்த அந்தக் கழுந்தை இப்போது நினைத்துப் பாருங்கள். கைப்பிடியின் கனம் சுருங்கும். கழுந்து நீளவாக்கில் நிற்பதால் சுருங்காது. புதிதாக இருந்தபோது வழவழவென்று சமமாக இழைத்திருந்த தலை, குளிரறையில் சில மாதம் கழிந்ததும் மேலே துருத்திக்கொண்டு கையில் நெருடும். மரத்தின் வெட்டுமுனை ஈரத்தைப் பக்கவாட்டு முகத்தைவிடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சும். அதைத் திறந்து வைப்பதென்றால் மூட்டின் நடுவுக்கே ஈரத்துக்கு வழி விடுவது. மறைந்த கழுந்துக்கு இந்தத் தொல்லை இல்லை. நல்ல ஆசாரி மூட்டை மறைக்கும்போது சில நேரம் மரத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

பினாங்கில் இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். சர்ச் தெருவிலும் லீத் தெருவிலும் பழைய செல்வர்களின் மாளிகைகள் இருக்கின்றன. லீத் தெருவின் சியோங் பாட் ஸீ மாளிகை சீரமைப்புக்காக 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது பெற்றது. இத்தகைய வீடுகளின் முன்கூடங்களில் சிப்பி பதித்த, பளிங்கு பதித்த சீனக் கருமர நாற்காலிகள் வரிசையாக இருக்கும். அவற்றின் சட்டமூலைகள் சாய்வெட்டில் சேர்வதால் வெளியே ஒரு மெல்லிய கோடுதான் தெரியும். உள்ளே கழுந்தும் துளையும் ஒன்றையொன்று பிடித்திருக்கும். இருக்கைப் பலகை சட்டத்தோடு ஒட்டப்படுவதில்லை. சுற்றிலும் வெட்டிய காடியில் பலகையின் விளிம்பு சும்மா உட்கார்ந்திருக்கும். அதன் அடியில், யாரும் குனிந்து பார்க்காத இடத்தில், புறாவால் வடிவக் குறுக்குச் சட்டம் பசையில்லாமல் சறுக்கிச் செருகப்பட்டிருக்கும். மழைக்காலத்தில் பலகை விரியும், வறட்சியில் சுருங்கும். நாற்காலி அசையாது. இந்தப் பூட்டுகளையெல்லாம் குஸ்டாவ் எக்கே 1944இல் பெய்ஜிங்கிலிருந்து வெளியிட்ட நூலில் வரைந்து காட்டினார். வாங் ஷிஷியாங் 1985இல் இன்னும் விரிவாக எழுதினார். இத்தகைய சீன நாற்காலிகளைப் பார்த்துத்தான் டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1944 முதல் தன் புகழ்பெற்ற நாற்காலிகளைச் செய்தார். ஐரோப்பிய நவீனம் எதைப் பார்த்துக் கற்றதோ அது நம் ஊர்க் கூடங்களில் மூட்டை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதைப் பழைய பாணி என்று ஒதுக்கிவிட்டு, மூட்டைக் காட்டும் புது நாற்காலியை நேர்மை என்று வாங்குகிறோம்.

மலாய்க் கம்பத்து வீட்டில் மூட்டு தெரியும். அங்கே அது தெரிவதற்கு உறுதியான காரணம் இருக்கிறது. தூணைத் துளைத்து வெளியே வரும் உத்திரத்தின் பக்கத்தில் பாசாக் எனப்படும் மர ஆப்பை அடித்து இறுக்குவார்கள். மரம் காய்ந்து தளர்ந்தால் ஆப்பை இன்னொரு அடி அடிக்கலாம். வீட்டை இடம் மாற்ற வேண்டுமானால் ஆப்பைக் கழற்றினால் போதும். பிரித்து எடுத்துப்போய் வேறிடத்தில் நிறுத்தலாம், ஊரார் கூடி அப்படியே தூக்கிக்கொண்டு போவதும் உண்டு. கை எட்ட வேண்டும் என்பதற்காக வெளியே வைத்த மூட்டு அது, கண் பார்ப்பதற்காக வைத்தது அல்ல. இரும்பைத் தவிர்த்ததற்கும் காரணம் கண்முன்னே இருந்தது. உப்புக்காற்றிலும் ஈர மரத்திலும் அந்தக் கால இரும்பாணி துருப்பிடித்து, சுற்றியுள்ள மரத்தையும் கறுக்கவைத்து அரித்துவிடும். துருப்பிடிக்காத எஃகும் பித்தளைத் திருகாணியும் கையில் கிடைத்த பிறகு அந்தக் காரணம் பெரும்பாலும் போய்விட்டது. போன காரணத்தை ஒழுக்கமாக்கி வழிபடுவதில் அந்தத் தச்சர்களுக்கு எந்தப் பெருமையும் சேராது.

கேனன் ஸ்குவேரிலுள்ள கூ கொங்சி குல மண்டபத்தைப் பற்றியும் "ஒரு ஆணி கூட இல்லை" என்ற பேச்சு உண்டு. 1901இல் தீயில் அழிந்து 1906இல் எழுந்த அந்த மண்டபத்தின் பெருமை அதில் இல்லை. தென்சீன மரபில் தூணும் உத்திரமும் தாங்குகட்டைகளும் கழுந்தால் பூட்டப்படும். அவற்றின் மேல் ஓட்டைத் தாங்கும் சிறு சட்டங்களை ஆணியால் அடிப்பதும் அதே மரபு. எடை தாங்கும் இடத்துக்கு ஒன்று, எடை குறைந்த இடத்துக்கு ஒன்று. அங்கே அண்ணாந்து பார்த்தால் தாங்குகட்டைகள் தெரியும். அவை ஒன்றோடொன்று சேரும் இடங்களையோ செதுக்கு வேலையும் வண்ணமும் தங்கத் தகடும் மூடியிருக்கும். அதைப் பொய் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான சான்று ஒன்று இருக்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு தெருவின் கோவில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படும் நகரத்தாரின் வெள்ளித் தேர் 1894இல் காரைக்குடியில் செய்து கப்பலேற்றி வந்தது. தகதகக்கும் வெள்ளித் தகட்டுக்கு உள்ளே இருப்பது மரச் சட்டம். நூறாண்டுக்கும் மேலாகத் தைப்பூசத்துக்குத் தெருவின் மேடுபள்ளத்தில் குலுங்கிக் குலுங்கிப் போகும் அந்தச் சட்டத்தின் ஒரு மூட்டையும் பக்தர் எவரும் பார்த்ததில்லை. அதைப் பூட்டிய ஆசாரிகளின் பெயரும் நமக்குத் தெரியாது. வேலை தாங்கிக்கொண்டிருக்கிறது. மூட்டைக் காட்டாத வேலை நேர்மையற்றது என்றால், அந்த ஆசாரிகளைத்தான் முதலில் குற்றம் சாட்ட வேண்டும்.

கோப்பிக்கடை நாற்காலிக்கு வருவோம். வளைத்த மரத்தில் செய்த, வட்ட இருக்கையுள்ள, பளிங்கு மேசையைச் சுற்றி நிற்கிற அந்த நாற்காலியின் மூதாதை 1859இல் வியன்னாவின் மைக்கேல் தோனெட் வெளியிட்ட 14ஆம் எண் நாற்காலி. மொத்தம் 6 மர உறுப்புகள், 10 திருகாணிகள், 2 மரைகள். ஒரு கன மீட்டர்ப் பெட்டியில் பிரித்த நிலையில் 36 நாற்காலிகள் அடங்கும். அதனால்தான் அந்த வகை நாற்காலிகள் கடல்தாண்டி நம் ஊர்க் கடைகள்வரை வந்தன. கழுந்து மூட்டின் பெருமை பேசுபவர்கள் இதை மரவேலை என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் நாள்தோறும் நூறு பேர் உட்கார்ந்து எழுந்து, இழுத்து, பின்னுக்குச் சாய்த்து, தரையைக் கழுவும்போது நனைத்து, மேசைமேல் கவிழ்த்து வைக்கும் ஒரு நாற்காலிக்கு இதைவிடப் பொருத்தமான மூட்டு இல்லை. தளர்ந்தால் கடைக்காரரே திருப்புளியால் முறுக்கிவிடுவார். ஒரு கால் போனால் வேறொரு நாற்காலியின் காலை மாட்டிவிடுவார். பசை போட்டு இறுக்கிய கழுந்து ஒருமுறை தளர்ந்தால் அதைச் சரிசெய்யத் தேர்ந்த தச்சர் வேண்டும். அப்படிப்பட்டவர்கள் குறைந்து வருகிறார்கள்.

மூட்டு தெரிந்தால் வேலையைக் கண்ணால் சோதித்துப் பார்க்கும் நன்மை வாங்குபவருக்கு உண்டு என்று எதிர்த்தரப்பு சொல்லும். இது வலுவான வாதம். ஆலைத் தளவாடத்தில் குச்சி செருகிப் பசை தடவிய மூட்டுகள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தரம் குறைந்து, ஓராண்டில் ஆட்டம் கண்டுவிடுவது நிஜம். அந்தக் கசப்பிலிருந்துதான் கழுந்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை பிறக்கிறது. ஆனால் குச்சி மூட்டு தோற்பது அது மறைந்திருப்பதால் அல்ல. குச்சி குட்டையாக இருப்பதால், மரத்தைச் சரியாக உலர்த்தாததால், பசை குறைவாக விட்டதால். இந்த மூன்று குறையும் வெளியே தலைகாட்டும் கழுந்துக்கும் வரலாம். மேலே தெரியும் அழகான சதுரம் உள்ளே துளை எவ்வளவு இறுக்கமாக வெட்டப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லாது.

இந்தக் கொள்கையால் நம் நாட்டில் நேரடியாக அடிபடுவது ரப்பர் மரத் தளவாடம். தமிழர் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய மரம் அது. 25, 30 ஆண்டுகளில் பால் வற்றியதும் வெட்டி மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம் முன்பெல்லாம் அடுப்புக்கும் சூளைக்கும் போனது. பூஞ்சையும் பூச்சியும் எளிதில் தாக்கும் அந்த மரத்தைப் போரான் உப்பில் பதப்படுத்தி உலர்த்தக் கற்ற பிறகு, 1980கள் முதல் அது மலேசியத் தளவாட ஏற்றுமதியின் முதுகெலும்பானது. ஜொகூரின் மூவார் அந்தத் தொழிலில் வளர்ந்த ஊர். காட்டை அழிக்காமல் கிடைக்கும் மரம், திருகாணியும் குச்சியும் போட்டுப் பெட்டியில் அடங்கும் வடிவம், சாதாரணச் சம்பளக்காரர் வாங்கக்கூடிய விலை. நல்ல ஆலையில் செய்த ரப்பர் மர நாற்காலி மதிப்புக்குரிய பொருள். அது மூட்டை மறைக்கிறது என்பதற்காக அதைத் தாழ்த்தி, வயதான காட்டுத் தேக்கில் கழுந்து நீட்டிய நாற்காலியை நல்லொழுக்கத்தின் சின்னமாக்குவது வசதி படைத்தவர்களின் ரசனையை எல்லார் தலையிலும் சட்டமாகச் சுமத்துவது.

தெரியும் மூட்டு எங்கே நியாயமானது என்பதற்குத் தமிழ் மண்ணோடு தொடர்புள்ள ஒரு பெயர் உண்டு. அமெரிக்க மரத்தச்சர் ஜார்ஜ் நகாஷிமா 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தைக் கவனித்துக்கொண்டார். அதன் தேக்குத் தளவாடங்களையும் அவரே வடிவமைத்தார். பின்னாளில் அமெரிக்காவில் அவர் செய்த பெரிய பலகை மேசைகளில், மரத்தின் வெடிப்புக்குக் குறுக்கே பட்டாம்பூச்சி வடிவக் கட்டைகளைப் பதித்தார். வெடிப்பு மேலும் ஓடாமல் தடுக்க அந்தக் கட்டை வெடிப்பு இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். அதனால் அது தெரிகிறது. இப்போது வெடிப்பே இல்லாத பலகைகளில் அதே பட்டாம்பூச்சியை அலங்காரமாகப் பதித்து விற்பதைப் பார்க்கையில் வருத்தமாக இருக்கிறது.

எனவே ஜார்ஜ்டவுன் கடையில் நாற்காலி வாங்குபவர் கைப்பிடியின் மேலே பார்ப்பதை விட்டுவிட்டு, நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுப் பார்க்கட்டும். அகலமான பலகை அசைய இடம் விட்டிருக்கிறார்களா, இல்லை நாலு பக்கமும் ஒட்டி அடைத்திருக்கிறார்களா? மரத்தை எவ்வளவு ஈரத்துக்கு உலர்த்தினார்கள், குளிரறைக்கா திறந்த வராந்தாவுக்கா? பிறகு பசையைப் பற்றிக் கேட்கட்டும். பழைய ஆசாரிகள் பயன்படுத்திய வச்சிரம் இந்த ஊர் ஈரத்தில் சற்று இளகும் என்பது உண்மை. ஆனாலும் வெந்நீரும் ஆவியும் காட்டினால் அது விட்டுக்கொடுக்கும், மூட்டைத் திறந்து புதிதாகப் பூட்டலாம். எபாக்சி ஊற்றி இறுக்கிய கழுந்து மேலே எத்தனை அழகாகத் தெரிந்தாலும், உள்ளே கால் முறிந்தால் கைப்பிடியையும் சேர்த்து அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.